ஆல்-வெதர் டயர்: வாங்கும்போது பார்க்க வேண்டியதும் தேயும்போது அளக்க வேண்டியதும்

ஆல்-வெதர் என்பது பனி உட்பட எல்லாப் பருவத்துக்கும் ஒரே செட்டாக ஓட்டும் டயர். புதிதில் அதன் பட்டன் ஆழம், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு (பட்டன்) நடுவே ஓடும் பள்ளத்தின் ஆழம், பெரும்பாலும் 8 முதல் 9 மி.மீ. இருக்கும். பல நாடுகளில் கார் டயருக்குச் சட்டம் வைத்திருக்கும் கடைசி எல்லை 1.6 மி.மீ. நடுவில் இருக்கும் ஏறக்குறைய 7 மி.மீ. ரப்பரையும் ஓட்டித் தீர்க்கலாம் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. பனியில் பிடிப்பு 4 மி.மீ.க்குக் கீழே வேகமாகக் குறையும். தேங்கிய தண்ணீரில் 3 மி.மீ.க்குக் கீழே நம்ப முடியாது. மிச்ச ரப்பர் காய்ந்த ரோட்டுக்குப் போதும்தான், ஆனால் காய்ந்த ரோட்டுக்காக யாரும் ஆல்-வெதர் வாங்குவதில்லை. எத்தனை மி.மீ.யில் கழற்றப் போகிறோம் என்பதை வாங்கும் அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும்.

பக்கச்சுவரில் இருக்கும் முத்திரை

ஆல்-சீசன், ஆல்-வெதர் என்று விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும், டயரின் பக்கச்சுவரைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். 'எம்+எஸ்' என்று மட்டும் இருந்தால், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் அமைப்பு என்று தயாரிப்பாளர் தாமே அறிவித்துக்கொண்டது. பள்ளங்களின் அளவையும் அமைப்பையும் வைத்துப் போடுவது. பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை எதுவும் அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள்ளே ஒரு பனிப்படிகமும் பொறித்திருந்தால் அது சோதனையில் தேறிய டயர். 1999-இல் வந்த முத்திரை இது. வட அமெரிக்க முறையில், அமுங்கிய பனிமேல் ஓட்டி, ஒப்பீட்டு டயரைவிடச் சுமார் 10 சதவீதமாவது கூடுதலாக இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனை அளப்பது நேர்கோட்டில் வேகமெடுக்கும்போது கிடைக்கும் பிடிப்பை மட்டும். வளைவில் பிடிப்பு, வழுக்கும் ஐஸ்மேல் பிரேக் ஆகியவை அதில் இல்லை. அதனால் மலை முத்திரை என்பது குறைந்தபட்சத் தகுதிதான். இரண்டு டயரில் எது மேல் என்று அது சொல்லாது.

சட்டங்களும் இந்த முத்திரைப் பக்கம்தான் நகர்கின்றன. ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல் எம்+எஸ் மட்டும் போட்ட டயர் குளிர்கால டயராகக் கணக்கில் வராது. மலை முத்திரை இருந்தே ஆக வேண்டும். ஆஸ்திரியாவில் குளிர்கால டயர் என்று சொல்லிக்கொள்ள ரேடியல் டயருக்கு 4 மி.மீ. ஆழமும் வேண்டும். அதே டயர் 3.8 மி.மீ.க்குத் தேய்ந்தால் அங்கே சட்டத்தின் கண்ணில் அது கோடை டயர். நான் சொன்ன 4 மி.மீ. கணக்கு வெறும் கைப்பாகம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

எந்தக் குளிருக்கு எது

சாதாரண கோடை டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். ஆல்-வெதர் கலவையில் சிலிக்காவைக் கூட்டி, குளிரிலும் ரப்பர் வளைந்துகொடுக்கும்படி செய்கிறார்கள். அதற்கு விலை உண்டு. வெயில் காலத்தில் அதே மென்மையால் பட்டன்கள் நெளியும், பிரேக் தூரம் நல்ல கோடை டயரைவிட நீளும், தேய்மானமும் கூடும்.

குளிர் 10 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் இடத்தில் ஆல்-வெதர் வீண். நனைந்த ரோட்டில் நல்ல மதிப்பெண் வாங்கிய கோடை டயரோ, எம்+எஸ் மட்டும் போட்ட ஆல்-சீசனோ அங்கே மேல். மாதக்கணக்கில் பனியும் ஐஸும் கிடக்கும் இடத்தில் தனிக் குளிர்கால செட்டுக்கு மாற்று கிடையாது. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் ஆல்-வெதர்: சில வாரங்கள் பனி, அதையும் உடனுக்குடன் வாரிவிடும் ரோடு, மற்ற நாளெல்லாம் மழையும் குளிரும். எல்லாப் பருவத்துக்கும் ஒரே செட் போதும், வருஷத்துக்கு இரண்டு முறை கழற்றி மாட்டும் வேலை இல்லை என்பதும் சின்ன விஷயமல்ல.

அளவு, சுமை, வேகம்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 205/55 ஆர்16 91வி என்று இருந்தால், அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரேடியல், 16 அங்குல ரிம். 91 என்பது சுமை எண், அதாவது ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. எச் என்றால் 210, டி என்றால் 190. சுமை எண்ணை எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது. கூட இருந்தால் பரவாயில்லை. எக்ஸ்எல் என்று போட்ட டயர் கூடுதல் காற்றில் கூடுதல் சுமை தாங்கும் வகை. மின்சாரக் கார்களுக்கு அதுவோ, அதைவிடவும் சுமை தாங்கும், இப்போது வரும் எச்எல் வகையோ தேவைப்படலாம். பேட்டரி எடையும் உடனடி டார்க்கும் (சக்கரத்தைத் திருப்பும் விசை) சேர்ந்து டயரைச் சீக்கிரம் தின்னும் என்பதையும் அந்தக் கார் வைத்திருப்பவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவு மாற்ற நினைத்தால் மொத்த விட்டத்தைப் போட்டுப் பாருங்கள். 205/55 ஆர்16: 205-இல் 55 சதவீதம் 112.75, இரண்டு பக்கத்துக்கும் 225.5, ரிம் 406.4. கூட்டினால் 632 மி.மீ. 195/65 ஆர்15 போட்டுப் பார்த்தால் 634.5 வரும். அரை சதவீதம்கூட வித்தியாசமில்லை, ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட அப்படியே காட்டும். 3 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்பீடோமீட்டரும் தப்பும், ஏபிஎஸ்ஸும் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) குழம்பலாம். விட்டம் பொருந்தினாலும் சின்ன ரிம் பிரேக் காலிப்பரில் இடிக்காதா என்றும் பார்க்க வேண்டும்.

எண்களில் எதை நம்புவது

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் அமெரிக்கத் தரக் குறியீட்டில் ட்ரெட்வேர் (தேய்மானம்) 400, 600 என்று ஓர் எண் இருக்கும். குறிப்பிட்ட பாதையில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைத்த ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டுத் தருவது. எண்ணைப் போடுவது தயாரிப்பாளரே. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட உதவும், வேறு வேறு கம்பெனிகளை ஒப்பிடக் கொஞ்சம்தான் உதவும். பக்கத்திலேயே இருக்கும் ஏஏ, ஏ, பி என்ற எழுத்து நனைந்த ரோட்டில் நேராகப் பிரேக் போட்ட பிடிப்பு மட்டும். பனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஐரோப்பிய லேபிளில் நனைந்த ரோட்டுப் பிடிப்பு, எரிபொருள் சிக்கனம் இரண்டுக்கும் ஏ முதல் இ வரை மதிப்பு, சத்தத்துக்கு டெசிபெல். இதில் முதலில் பார்க்க வேண்டியது நனைந்த ரோட்டுப் பிடிப்பு. எரிபொருளில் ஒரு படி குறைந்தாலும் சமாளிக்கலாம், மழையில் இரண்டு படி குறைந்த டயரோடு வாழ முடியாது.

கிலோமீட்டர் வாரண்டியைப் படிக்கும்போது ஒன்று கவனியுங்கள். அந்தக் கிலோமீட்டர் 1.6 மி.மீ. வரை தேயும் கணக்கு. பனிக்கு உதவும் ஆயுள் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். டயர்களை ஒழுங்காக முன்னும் பின்னும் இடம் மாற்றிய ரசீது இல்லாவிட்டால் வாரண்டி கேட்கவும் முடியாது.

எந்தக் குறியீடும் சொல்லாத ஒன்றைக் கடையில் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். பட்டன்களின் மேல் பிளேடால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் இருக்கும், சைப் என்பார்கள். பனித்துகள் இந்த வெட்டுகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும். பனியோடு பனி ஒட்டும், பிடிப்பு அதிலிருந்துதான் வருகிறது. இந்த வெட்டுகள் பெரிய பள்ளத்தின் அடிவரை இறங்குகின்றனவா, பாதியிலேயே நின்றுவிடுகின்றனவா? ஒரு விசிட்டிங் கார்டை வெட்டில் நுழைத்து, அதையே பக்கத்துப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். பாதியில் நிற்பவை டயர் பாதி தேயும்போது மறைந்துவிடும். மிச்சம் வழவழப்பான கட்டிகள்தான். குறுக்குப் பள்ளங்களில் பட்டன்களை இணைக்கும் ரப்பர் பாலங்கள் எவ்வளவு உயரம் என்பதையும் அப்போதே பாருங்கள். உயரமான பாலம் பட்டன் நெளிவதைக் குறைக்கும், ஆனால் பாதித் தேய்மானத்தில் குறுக்குப் பள்ளத்தை மூடிவிடும்.

கூடவே, பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள், தயாரித்த தேதி அது. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. முழு எண் ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருக்கலாம். வெளியே தெரியும் பக்கத்தில் இல்லையென்றால் உள்பக்கம் பாருங்கள், மாட்டுவதற்கு முன்பே.

அளப்பது

நாணயத்தைப் பள்ளத்தில் செருகிப் பார்ப்பது 'இருக்கிறதா, இல்லையா' என்பதற்குச் சரி. 4 மி.மீ.யா 3.4-ஆ என்று அது சொல்லாது. ஊசி வைத்த ஆழமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 0.1 மி.மீ. காட்டினால் போதும். முதல் வேலை, கண்ணாடிமேல் வைத்து அழுத்தி 0 காட்டுகிறதா என்று பார்ப்பது. டிஜிட்டல் என்றால் அந்த நிலையில் பூஜ்யம் செய்துகொள்ளுங்கள். மலிவான மானிகளில் அரை மி.மீ. பிசகுவது சாதாரணம், அந்த அரை மி.மீ.யில்தான் முடிவே இருக்கிறது.

டயரைச் சுற்றி ஓடும் நீளப் பள்ளங்களில் மட்டும் அளக்க வேண்டும். குறுக்குப் பள்ளங்கள் பிறப்பிலேயே ஆழம் குறைந்தவை. ஒவ்வொரு நீளப் பள்ளத்திலும் சுற்றளவில் மூன்று இடம், சம தூரத்தில். மானியின் பாதம் இரண்டு பக்கப் பட்டன்மேலும் தட்டையாக உட்கார வேண்டும், சாய்ந்தால் ஆழம் தப்பாகக் காட்டும். ஊசி பள்ளத்தின் அடியில்தான் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். அடியில் கல் மாட்டாமல் இருக்கச் சின்னச் சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள், 1.6 மி.மீ. உயரத் தேய்மானக் கட்டைகளும் குறுக்கே ஓடும். இவற்றின்மேல் ஊசி உட்கார்ந்தால் இருக்கும் ஆழத்தைவிடக் குறைவாகக் காட்டும். தேய்மானக் கட்டை எங்கே என்று பக்கச்சுவர் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணமோ 'டிடபிள்யூஐ' என்ற எழுத்தோ காட்டிக்கொடுக்கும். சில ஆல்-வெதர் டயர்களில் பனிக்கென்று இன்னும் உயரமான தனிக் கட்டையோ பனிப்படிகக் குறியோ இருக்கும். அது தேய்ந்து மறைந்தால் பனிக் கணக்கு முடிந்தது.

சராசரி எடுக்காதீர்கள். நான்கு பள்ளத்தில் 5.2, 5.0, 4.6, 3.3 என்று வந்தால் அந்த டயரின் ஆழம் 3.3. தண்ணீரும் பனியும் சராசரி பார்த்து வழிவிடுவதில்லை. இந்தக் குறைந்த எண் பெரும்பாலும் உள்பக்க ஓரத்தில்தான் கிடைக்கும், வெளியே நின்று பார்த்தால் தெரியாத இடம். முன்சக்கரத்துக்கு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தினால் உள்பக்கம் தெரியும். பின்சக்கரத்துக்கு வண்டியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் 5 மி.மீ. அழகாக நிற்க, உள்ஓரத்தில் கம்பி எட்டிப் பார்க்கும் டயர்கள் உண்டு.

எண்களை ஓடோமீட்டர் அளவோடு எழுதி வையுங்கள். 8.5 மி.மீ.யில் தொடங்கி 8,000 கி.மீ.யில் 7.7 என்றால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 0.1 மி.மீ. இதே வேகத்தில் 4 மி.மீ.க்கு இன்னும் 37,000 கி.மீ., 1.6-க்கு 61,000 கி.மீ. புதிதில் பட்டன் உயரமாக இருப்பதால் கொஞ்சம் அதிகமாகவே நெளிந்து தேயும். ஆகவே முதல் அளவை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம், இரண்டாவது மூன்றாவது அளவுதான் உண்மையான வேகம். குளிர்காலம் தொடங்கும்போது 4.5 மி.மீ. இருந்தால் அது பருவம் முடியும் முன்பே 4-ஐத் தாண்டுமா என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

தேய்மானம் சொல்லும் நோய்

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நிற்கிறதா? காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் கேம்பரோ (சக்கரத்தின் சாய்வு) டோவோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பிசகியிருக்கிறது. டோ பிசகை உள்ளங்கை கண்டுபிடிக்கும்: டயரின் குறுக்கே கையை உள்ளே தள்ளினால் வழவழப்பு, வெளியே இழுத்தால் ரம்பம் மாதிரி கீறல், அல்லது நேர்மாறாக. இந்த இறகுத் தேய்மானம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரியும். ஆழமானி 'சரி' என்று சொல்லும் கட்டத்திலேயே அலைன்மென்ட் பார்த்துவிட்டால் டயர் பிழைக்கும்.

சுற்றளவில் அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் செத்திருக்கலாம், பேலன்சிங் போயிருக்கலாம், சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளான புஷ் அல்லது பால் ஜாயின்ட் ஆடலாம். இதை அலைன்மென்ட்டால் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு பட்டனும் முன்பக்கம் உயரம், பின்பக்கம் பள்ளம் என்று வாள்பல் போலத் தேய்ந்தால், அது பெரும்பாலும் இழுவை இல்லாத சக்கரத்தில், ரொம்ப நாள் இடம் மாற்றாமல் ஓடியதால் வருவது. ஆல்-வெதரில் பட்டன்கள் நிறைய வெட்டுகளோடு மென்மையாக இருப்பதால் இது கொஞ்சம் சீக்கிரமே வரும். வீல் பேரிங் போய்விட்டதோ என்று சந்தேகப்பட வைக்கும் 'ஊம்' சத்தம் பல நேரம் இதுதான்.

காற்றைப் பற்றி ஒன்று மட்டும். 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ பிடித்த டயர் 0 டிகிரியில் 27-க்கும் 28-க்கும் நடுவே வந்து நிற்கும், ஓட்டையே இல்லாமல். அமெரிக்க விதிப்படி டயர் காற்று எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டியது பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்த பிறகுதான், அதாவது 24 பிஎஸ்ஐயில். விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரி என்று அர்த்தமில்லை. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். பக்கச்சுவரில் இருக்கும் அதிகபட்ச எண் வேறு விஷயம்.

இடம் மாற்றுவது

8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒரு முறை. முன்சக்கர இழுவை வண்டியில் முன்டயர்கள் அதே பக்கம் நேராகப் பின்னே போகும், பின்டயர்கள் குறுக்கே மாறி முன்னே வரும். பின்சக்கர இழுவையில் இதற்கு நேர்மாறு. பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் குறுக்கே மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்னும் பின்னும் மட்டும். ஆல்-வெதரில் 'வி' வடிவப் பட்டன் நிறைய, அதனால் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஜாக்கி போடுங்கள். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போடும் வண்டிகளில் இந்த வசதியே கிடையாது.

இரண்டு மட்டும் வாங்கும்போது

நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. இரண்டுதான் முடியும் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும், முன்சக்கர இழுவை வண்டியானாலும் சரி. தண்ணீரில் முன்டயர் மிதந்தால் வண்டி நேரே போகும், ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின்டயர் மிதந்தால் வண்டி சுற்றும், பழக்கமில்லாதவர் மீட்பது கடினம். முன்னே மலை முத்திரை, பின்னே கோடை டயர் என்று கலப்பதும் பனியில் இதே விளைவைத் தரும். நான்கு சக்கர இழுவை வண்டியில் இன்னொரு சிக்கலும் சேரும். ஆழ வித்தியாசத்தால் சுற்றளவு மாறி, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் சென்டர் டிஃபரென்ஷியலோ கிளட்ச்சோ ஓயாமல் உழைத்துச் சூடாகும். எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும்.

ஆழம் நிறைய இருந்தும் கழற்ற வேண்டிய டயரும் உண்டு. ஐந்து வருஷம் ஆனதும் வருஷத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருஷம் ஆனால் எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள், ஸ்டெப்னியும் சேர்த்துத்தான். பட்டன் அடியில் நுண்விரிசல், பக்கச்சுவரில் புடைப்பு இரண்டில் எது தெரிந்தாலும் வயசு பார்க்கத் தேவையில்லை. புடைப்பு என்றால் உள்ளே நூலிழை அறுந்திருக்கிறது, அன்றைக்கே மாற்ற வேண்டும்.

புது டயரின் மேல்தோல் வழவழப்பு போக முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ.க்குள் வீல் நட்டுகளைக் கையேட்டில் இருக்கும் டார்க் அளவுக்கு (இறுக்க வேண்டிய விசை) ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். அன்றே ஆழமானியையும் எடுத்து நான்கு டயரின் தொடக்க ஆழத்தையும் எழுதிவிடலாம். பிறகு தேயும் வேகத்தைக் கணக்கிட அந்த எண் வேண்டும்.